காதில் போடும் கல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

(திருச்சியில் தொழிலாளர் குடும்பங்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நாம் பேச வந்திருப்பது போனஸைப் பற்றியும் அல்ல, பஞ்சப்படியைப் பற்றியும் அல்ல. ஒரு ஜோடி வைரத்தோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற வரையில்!

விஷயம் இதுதான். நம்முடைய தோழர் ஒருவர், ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். மாதம் 26,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள், ஒன்றும் கேட்கவில்லை. "எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள்களெல்லாம் வைரத்தோடு போட்டுக்கொண்டுதான் வந்தார்கள்" என்று மட்டும் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்தது. அதற்குப் பிறகு இப்படிக் கேட்காமல் கேட்கும் கலை நம் நாட்டில் எவ்வளவு வளர்ந்துவிட்டது, பாருங்கள்!

தோழரும் அவர் மனைவியும் நகைக்கடைக்குப் போனார்கள். ஏழுகல் தோடு ஒரு ஜோடி. கல்லுக்கு 1,80,000 ரூபாய். தங்கத்துக்கும் கூலிக்கும் சேர்த்து 60,000. நூற்றுக்கு 3 வீதம் வரி 7,200. ஆக 2,47,200 ரூபாய். கையில் இருப்பது 60,000. மீதிக்கு 1,90,000 ரூபாய் கடன், நூற்றுக்கு இரண்டு வட்டி. இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு நம்மிடம் வந்தார். "தோழர், கல்லுக்கு எவ்வளவு போடலாம்? நீங்கள் ஒரு தொகை சொல்லுங்கள்" என்றார்.

நாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடவில்லை. ஒரு வாரம் விசாரித்தோம், படித்தோம். அந்தப் பதிலைத்தான் இங்கே உங்கள் எல்லோருக்கும் சொல்லப் போகிறோம். ஏனெனில் இந்தத் துண்டுக் காகிதம் ஒரு வீட்டில் மட்டும் இல்லை.

முதலில் ஒன்று. நாம் அழகுக்கு விரோதிகள் அல்ல. உழைக்கிற பெண் காதில் ஒரு கல் மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு? நாள் முழுதும் நின்று வேலை செய்கிறவளுக்கு அழகு வேண்டாம், சோறு மட்டும் போதும் என்று சொல்ல நாம் யார்? கேள்வி ஆசையைப் பற்றியது அல்ல. தொகையைப் பற்றியது.

அடகுக்கடையில் கல்லுக்கு மதிப்பு உண்டா?

தோழரின் மனைவி ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: "இது செலவா? நாளைக்கு ஒரு அவசரமென்றால் அடகு வைக்கலாமே!" நம் குடும்பங்களில் நகை என்பது பாங்கு இல்லாதவர்களின் பாங்கு. மழைக்காலத்து அரிசியும் பிள்ளையின் காலேஜ் பீஸும் அதிலிருந்துதான் வந்திருக்கின்றன. ஆகவே இந்தக் கேள்வியைக் கேலி செய்யக் கூடாது; பதில் சொல்ல வேண்டும்.

பதிலை ரிசர்வ் வங்கியே எழுதி வைத்திருக்கிறது. தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்கு 2025 ஜூனில் அது விதிகள் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் அவை அமலுக்கு வந்துவிட வேண்டும் என்று கெடு வைத்தது. நகையில் உள்ள தங்கத்தின் மதிப்பை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும், பதித்திருக்கும் கல்லின் மதிப்பைச் சேர்க்கவே கூடாது என்பது விதி. நம் ஊர் அடகுக்கடைக்காரர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். 'கல் கழிவு' என்று சொல்லி எடையில் தள்ளிவிடுவார்கள். உங்கள் கல் தராசில் ஏறும்போது அது பாரம், அவ்வளவுதான்.

இந்தத் தோட்டில் தங்கம் மட்டும் 45,000 ரூபாய் பெறும் என்று வையுங்கள். சிறு கடனுக்கு விதி அனுமதிக்கும் அதிகபட்சம் நூற்றுக்கு 85. அதாவது 38,250 ரூபாய். 2,47,200 கொடுத்து வாங்கிய பொருளை வைத்து, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது புரட்டக்கூடியது 38,250! இதைச் சொன்னபோது அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. காகிதத்தை வாங்கி, மறுபடி கூட்டிப் பார்த்தார்.

விற்றால்? தங்கத்துக்குக் காலையில் பேப்பரைப் பார்த்தால் விலை தெரியும்; எந்தக் கடையிலும் ஏறக்குறைய அதே விலை. வைரத்துக்கு அப்படி ஒரு விலை கிடையாது. வெட்டு, நிறம், உள்ளே உள்ள மாசு, எடை என்று நான்கையும் பார்த்து, வாங்குகிறவன் சொல்வதுதான் விலை. நீங்கள் வாங்கும்போது விற்பவன் சொன்னான். நீங்கள் விற்கும்போது வாங்குபவன் சொல்வான். இரண்டு தடவையும் சொல்கிறவன் நீங்கள் அல்ல. ஆகவே கடையில் பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதையே திருப்பிக் கொண்டுவந்தால் ரொக்கமாக எவ்வளவு தருவீர்கள்?" வேறு நகைக்கு மாற்றிக்கொள்ள ஒரு விகிதம் சொல்வார்கள், நாம் கேட்பது அதை அல்ல, ரொக்கத்தை. அதைப் பில்லின் மீது எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லின் எடை என்ன, அது மண்ணில் விளைந்ததா, ஆலையில் செய்ததா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரரின் முகத்தை அப்போது பாருங்கள். அதுவே பாதிப் பதில்.

'ப்ளூ ஜாகர்' எங்கிருந்து வந்தது?

கடைக்காரர் நம் தோழரிடம், "இது ப்ளூ ஜாகர், அந்தக் காலத்துத் தரம்" என்றாராம். இந்தப் பெயரை நம் பாட்டிமார் வாயிலும் கேட்டிருக்கிறோம். நீலம் ஓடும் நல்ல வெள்ளைக் கல்லுக்குத் தமிழ்நாட்டில் அதுதான் பெயர். இந்த ஜாகர் யார் என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா?

அது ஆள் அல்ல, ஊர். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோண்டைன் என்று ஒரு ஊர். 1870-ல் அங்கே வைரம் கிடைத்தது. மனிதர்கள் கையால் தோண்டித் தோண்டி உலகத்தின் மிகப் பெரிய பள்ளங்களில் ஒன்றை அங்கே உண்டாக்கினார்கள். 1893-ல் ஒரு கறுப்பினத் தொழிலாளி மண்ணை வாரிக்கொண்டிருந்தபோது 995 காரட் எடையுள்ள ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. ஐந்து காரட் ஒரு கிராம். அதாவது ஏறக்குறைய 200 கிராம் வைரம்! அதுவரை உலகம் கண்டவற்றில் அதுவே பெரியது. அவருக்குச் சேணம் பூட்டிய ஒரு குதிரையும் கொஞ்சம் பணமும் வெகுமதி கொடுத்தார்கள் என்று நகை வரலாறுகள் சொல்கின்றன. கல்லுக்கு 'எக்ஸெல்சியர்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். எடுத்தவரை 'ஒரு தொழிலாளி' என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள்.

அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. பிறகு அங்கே நடந்தது, பழைய மண் குவியலைத் திரும்பக் கழுவிச் சலித்து, விட்டுப்போன கற்களைப் பொறுக்கும் வேலை. அந்தக் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்த அணை 2022 செப்டம்பர் 11 அன்று உடைந்தது. சாம்பல் நிறச் சேறு ஊருக்குள் புகுந்து வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று, உயிரும் போயிற்று. நம் ஊரில் கல்யாணத்துக்குத் தோடு பார்க்கும் பெண்களின் வாயில் வழங்கும் பெயர், அந்தச் சேற்றில் வீடிழந்த பெண்களின் ஊர்ப் பெயர்.

பக்கத்தில் கிம்பர்லியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே 1880-களில் கறுப்பினத் தொழிலாளர்களைக் காம்பவுண்டுக்குள் அடைத்து வைத்தார்கள். ஒப்பந்தம் முடியும் வரை வெளியே போகக் கூடாது. கல்லைக் கட்டி வெளியே எறிந்துவிடுவார்கள் என்று மேலேயும் கம்பி வலை போட்டார்கள். ஊருக்குத் திரும்பும் முன் பல நாள் தனியே அடைத்து, கல்லை விழுங்கியிருப்பார்களோ என்று மலத்தைக்கூடச் சோதித்தார்கள். இதெல்லாம் ரகசியமல்ல, அந்தக் கம்பெனிகளே பெருமையாக எழுதி வைத்தவை.

ஏன் இவ்வளவு காவல்? கல் அரிதாக இருந்ததாலா? இல்லை தோழர்களே, அதுதான் வேடிக்கை. கல் மிதமிஞ்சிக் கிடைத்துவிட்டது! ஒரு காலத்தில் கோல்கொண்டாவிலிருந்தும் பிறகு பிரேஸிலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது வைரம். தென்னாப்பிரிக்காவில் கூடை கூடையாக வந்தது. எல்லோரும் போட்டி போட்டு விற்றால் விலை மண்ணாகிவிடும் என்று கண்ட சிஸில் ரோட்ஸும் அவன் கூட்டாளிகளும் 1888-ல் டி பீர்ஸ் கம்பெனியை அமைத்தார்கள். அதன் பிறகு 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, சந்தைக்கு எவ்வளவு கல் போகலாம், எவ்வளவு பெட்டகத்தில் உறங்க வேண்டும் என்று லண்டனில் சிலர் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். அரிசியைப் பதுக்கினால் பதுக்கல்காரன் என்கிறோம். வைரத்தைப் பதுக்கியவனுக்கு என்ன பட்டம் என்று நமக்குத் தெரியவில்லை.

1947-ல் அவர்கள் அமெரிக்காவில் ஒரு விளம்பரம் கண்டுபிடித்தார்கள்: வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்று. காதலைப் பற்றிய பேச்சு போலத் தோன்றும். ஆனால் வியாபாரியின் காதில் அது வேறு மாதிரி விழும். 'வாங்கினவர்களே, என்றைக்கும் விற்காதீர்கள்' என்பதுதான் அதன் பொருள். வீட்டுப் பெட்டியில் உறங்கும் கல்லெல்லாம் ஒரே நாளில் சந்தைக்கு வந்தால் அந்த விலை நிற்குமா?

ஆலையில் விளைந்த வைரம்

இப்போது இன்னொரு சங்கதி. 1954-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி விஞ்ஞானிகள் கரியை அழுத்தி, சூடேற்றி வைரம் செய்துவிட்டார்கள். அன்று அது பொடி. தொழிற்சாலையில் அறுக்கவும் அரைக்கவும் பயன்பட்டது. இன்று நகைக் கல்லே ஆலையில் வளர்கிறது, சூரத்திலும் வளர்கிறது. ரசாயனத்தில் இரண்டும் ஒன்று. வெறும் கண்ணால் எந்த நகை வியாபாரியும் பிரித்துச் சொல்ல முடியாது, தனிக் கருவி வேண்டும். விலையோ பல மடங்கு குறைவு. 2023 ஜூனில் பிரதமர் மோடி வாஷிங்டனுக்குப் போனபோது அமெரிக்க ஜனாதிபதியின் மனைவிக்கு 7.5 காரட் வைரம் ஒன்றைப் பரிசளித்தார். அது ஆலை வைரம். அமெரிக்க சர்க்கார் தன் பரிசுப் பட்டியலில் அதற்கு 20,000 டாலர் என்று மதிப்புப் போட்டது. அதே எடைக்குச் சுரங்க வைரம் என்றால் இந்தத் தொகை முன்பணத்துக்குக்கூடக் காணாது.

"அப்படியானால் ஆலை வைரம் வாங்கிச் சேர்த்து வைப்போம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 2018-ல் டி பீர்ஸே ஆலை வைரம் விற்க வந்தது, காரட் 800 டாலர் என்று. விலை சரிந்துகொண்டே போய், 2025-ல் அந்தக் கடையையே மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டது. ஆலையில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யக்கூடிய பொருளின் விலை ஏன் ஏற வேண்டும்? அது மின்னுவதற்கு. சேமிப்பதற்கு அல்ல.

மின்னுவது மட்டும் போதுமென்றால் இன்னும் மலிவான வழி உண்டு. கடைத்தெருவில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று விற்கிறார்களே, அந்தக் கல்லை நகைக்குத் தகுந்த அளவில் வளர்க்க வழி கண்டவர்கள் யார் தெரியுமா? மாஸ்கோவில் லெபடேவ் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள், 1970-களில். அந்தக் கூடத்தின் பெயர்ச் சுருக்கத்தை வைத்து ரஷ்யர்கள் அதற்கு 'ஃபியானிட்' என்று பெயரிட்டார்கள். லேசர் ஆராய்ச்சிக்காகச் செய்தது. நம் ஊர் மூக்குத்தியில் வந்து உட்கார்ந்துவிட்டது. சோவியத் விஞ்ஞானியின் கல், அமெரிக்கன் பெயர், திருச்சிப் பட்டறையில் தீட்டல்!

ஆம், திருச்சிப் பட்டறை. இங்கேதான் நமக்கு ஒரு கடினமான கேள்வி வந்தது. போன வாரம் இந்தப் பேச்சை ஒரு சிறு கூட்டத்தில் பேசினோம். திருச்சி, புதுக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் செயற்கைக் கல் தீட்டிப் பிழைத்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "கல் வாங்காதே, வாங்காதே என்கிறீர்களே தோழர், எல்லோரும் வாங்காமல் இருந்தால் எங்கள் சட்டியில் என்ன வேகும்?" என்றார். சாணைச் சக்கரத்தில் தேய்ந்துபோன விரல்களை நீட்டிக் காட்டினார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியவில்லை. பிறகு அவரையே கேட்டோம்: "உங்கள் பட்டறை மூடியது நாங்கள் வாங்காததாலா?" அவர் தலையை ஆட்டினார். மெஷினில் வெட்டிய சீனக் கல் வந்தது, கைத்தீட்டலுக்குக் கூலி படியவில்லை. அதுதான் நடந்தது. சூரத்தைப் பாருங்கள். உலகத்து வைரங்களில் பத்துக்கு ஒன்பது அங்கே தீட்டப்படுகின்றன என்கிறார்கள். 2008-ல் அமெரிக்காவில் பாங்குகள் விழுந்தபோது சூரத்தில் லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்து, மூட்டை கட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போனார்கள். 2024 ஆகஸ்டில் பெரிய கம்பெனி ஒன்று 50,000 பேருக்குப் பத்து நாள் 'விடுமுறை' விட்டது. அதே வருஷம் அங்குள்ள வைரத் தொழிலாளர் சங்கம், மனமுடைந்த தொழிலாளர்கள் கூப்பிடுவதற்கென்று ஒரு டெலிபோன் எண்ணையே வைக்க நேர்ந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீது 50 சதவீதம் வரி போட்டது, மறுபடியும் அடி. அந்தத் தொழிலாளியின் சோறு நியூயார்க் சீமாட்டியின் விரலில் தொங்குகிறது. நம் ஃபிட்டர் தோழர் இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கித் தோடு வாங்கினால் அதை நிறுத்திவிட முடியுமா? பீஸ் ரேட் கூலிக்குப் பதில் நிலையான சம்பளமும், பிராவிடண்ட் பண்டும், வேலையில்லாத நாளுக்கு நிவாரணமும் வேண்டுமென்று அவர்கள் கேட்டால் நாம் பக்கத்தில் நிற்போம். பெரியவர் கேட்டுக்கொண்டார். முழுத் திருப்தி அடைந்தார் என்று சொல்ல மாட்டோம்.

ராசிக்கல்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வேலை போனவனுக்கு நீலம், கல்யாணம் தள்ளிப்போகிறவளுக்குப் புஷ்பராகம் என்று விற்கிறார்கள். வேலை போனவனிடம் இருக்கும் கடைசி ஐயாயிரத்தைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் அந்தக் கல்லுக்கு நிச்சயம் உண்டு. வேறு சக்தி இல்லை.

சர்க்காரின் மனசும் தெரிந்துகொள்ள வேண்டியதே. தீட்டிய வைரத்துக்கு 2022 ஜூலைக்குப் பிறகுதான் வரி நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் ஆயிற்று. அதுவரை கால் ரூபாய். குளிக்கிற சோப்புக்கு 2025 செப்டம்பர் வரை 18 ரூபாய்.

இனி, எவ்வளவு?

கல்லின் விலை காதுக்காக அல்ல, பார்க்கிற கண்ணுக்காகக் கொடுப்பது. இது இன்றைய பித்தும் அல்ல. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் லோலியா பாலினா என்று ஒரு சீமாட்டி இருந்தாள். சாதாரண நிச்சயதார்த்த விருந்து ஒன்றுக்கு 4 கோடி செஸ்டர்ஸ் பெறுமான மரகதமும் முத்தும் அணிந்து வந்தாள் என்று பிளினி எழுதியிருக்கிறார். யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்குக் கணக்குச் சீட்டும் தயாராக வைத்திருந்தாளாம்! அந்தச் சொத்து அவள் பாட்டன் மாகாணங்களைக் கொள்ளையிட்டுச் சேர்த்தது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். அந்தக் காலத்தில் நம் கொங்கு நாட்டுக் கொடுமணலில் கல்மணி செய்யும் பட்டறைகள் இருந்ததை அகழ்வாராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். அணிந்தவளின் பெயர் நமக்குத் தெரியும். துளை போட்டவனின் பெயர் தெரியாது.

நம் தோழருக்குச் சொன்ன பதில் இது. கல்லைச் சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள், செலவுக் கணக்கில் எழுதுங்கள். பந்தல் மாதிரி, மேளம் மாதிரி, ஒரு நாள் சந்தோஷத்துக்குக் கொடுத்த காசு என்று எழுதுங்கள். அப்படி எழுதியவுடன் தொகை தானாகச் சுருங்கும். தொலைந்துபோனாலும் அரிசி, வாடகை, பள்ளிக்கூடம், மருந்து இந்த நான்கையும் தொடாத பணம் எவ்வளவோ அவ்வளவு. அதற்குக் கடன் ஒரு காசும் கூடாது. கையில் உள்ள 60,000-த்தில் கல்லுக்கு 10,000 போதும் என்பது நம் அபிப்பிராயம். மீதியைச் சுத்தத் தங்கமாக வாங்குங்கள், அது அந்தப் பெண் பெயரில், அவள் கையில் இருக்கட்டும். கடனை வாங்கினால் மாதம் 3,800 ரூபாய் வட்டி. மூன்று வருஷத்தில் 1,36,800. அப்போதும் அசல் அப்படியே நிற்கும்.

தோழர் சரி என்றார். ஆனால் முகம் தெளியவில்லை. "நான் ஒப்புக்கொள்கிறேன். சம்பந்தி வீட்டில் என் பெண் நாளைக்குக் குனிந்து நிற்கக் கூடாதே" என்றார். இதை நாம் அற்பமாக எண்ணவில்லை. காசுக் கணக்கு நாம் போட்டுக் கொடுக்கலாம். அந்தப் பெண்தான் அந்த வீட்டில் போய் வாழ வேண்டும்.

அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். நர்ஸிங் படித்து வேலை பார்க்கிறாள். "அப்பா, அந்த 3,800-ஐ யார் கட்டுவது? நீங்களா, நானா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. "நானே அவர்களிடம் பேசுகிறேன். ஆனால் தனியாகப் போகமாட்டேன்" என்றாள்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறோம். சண்டைக்கு அல்ல, அந்தத் துண்டுக் காகிதத்தை அவர்கள் முன்னால் வைத்துப் பேசுவதற்கு. பெண்கள் கூட வந்தால் நல்லது. கல் தீட்டிய பெரியவர் தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.